சேகரமும் வாரிசும்

போரூரிலிருந்து குன்றத்தூர் போகிற வழியில் கோவூர் இருக்கிறது. பூந்தமல்லிக்குப் பக்கத்து ஊர். அங்கே வாழ்ந்த சுந்தரேச முதலியார் என்ற தனவந்தரின் அழைப்பை ஏற்றுத் தியாகராஜர் வந்து தங்கினார். கோயில் கொண்ட சுந்தரேஸ்வரர் பேரில் ஐந்து கீர்த்தனைகள் பாடினார். பந்துவராளி, ஸஹானா, கரஹரப்ரியா, கல்யாணி, சங்கராபரணம் என்று ஐந்து ராகங்களில் அமைந்த இவற்றைத்தான் கோவூர் பஞ்சரத்னம் என்கிறோம். அவர் புறப்படுகையில், நேரில் கொடுத்தால் வாங்கமாட்டார் என்று அறிந்த முதலியார், ஆயிரம் பொன்னை அவருக்குத் தெரியாமல் பல்லக்கில் வைத்துவிட்டார் என்றும், வழியில் கள்வர் மறித்தபோது ராமலக்ஷ்மணர்களே காவலுக்கு வந்தார்கள் என்றும் ஒரு கதை உண்டு. நம்புகிறவர் நம்பட்டும். பொன் என்ன ஆயிற்று என்று இன்று விசாரிப்பவர் எவருமில்லை. பாட்டுகள் ஐந்தும் இருக்கின்றன.

எப்படி இருக்கின்றன, யார் கையால் இருக்கின்றன என்று கேட்டுப் பார்ப்பது இப்போது அவசியமாகியிருக்கிறது. கோவூரைச் சுற்றிய இதே பிரதேசத்தில், அம்பத்தூரிலும் ஆவடியிலும், 1960-களில் தொழிற்பேட்டையும் டாங்கித் தொழிற்சாலையும் வந்த பிறகு குடியேறியவர்களில் ஸங்கீதப் பித்து உள்ளவர்களும் இருந்தார்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்து டேப் ரிக்கார்டர் வாங்கியவர்கள். மின்விசிறியை நிறுத்தி, குழந்தைகளை அதட்டி, ரேடியோவின் முன்னால் மைக்கை வைத்து ராத்திரிக் கச்சேரியைப் பிடித்தவர்கள். அவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அலமாரி மட்டும் நிற்கிறது. வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டும்போது அலமாரிக்கும் இடம் போய்விடுகிறது. பழைய பேப்பர்காரருக்குக் காஸெட் என்பது பிளாஸ்டிக், எடைக்கு எடை. ஸ்பூல் அதுவும் இல்லை.

சேகரம் வைத்திருப்பவரிடம் எல்லோரும் முதலில் கேட்பது, எத்தனை இருக்கிறது என்று. எண்ணிக்கையில் ஒரு மயக்கம் நமக்கு. கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். பத்து அங்குல அரக்குத் தட்டு, அன்றைய பேச்சில் ‘பிளேட்’, பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிஷம் பாடும். ஏறக்குறைய 200 கிராம் எடை. சென்னையில் வி.ஏ.கே. ரங்கராவின் சேகரம் நாற்பதாயிரம் தட்டுகளைத் தாண்டியது. நாற்பதாயிரம் என்றே வைத்துக்கொண்டாலும் எட்டு டன் எடை. நாலாயிரம் மணி நேர ஸங்கீதம். இரவு பகல் ஓயாமல் கேட்டால் ஐந்தரை மாதம் ஆகும். ஆயிரம் காஸெட் உள்ள ஒரு நடுத்தர வீட்டு அலமாரி, அறுபது நிமிஷக் காஸெட்டாக இருந்தால், ஆயிரம் மணி நேரம். அரக்குத் தட்டில் இதே ஆயிரம் மணி நேரத்துக்குப் பத்தாயிரம் பிளேட் வேண்டும். தாங்குவதற்குத் தனி அறை வேண்டும். ஊடகம் மெலிய மெலிய அளவு சுலபமாகிக்கொண்டே வந்தது. அளவு சுலபமானதும் அதன்மேல் உள்ள கவனம் குறைந்தது என்பதுதான் நாம் கண்டது. மூன்று நிமிஷ பிளேட்டை ஐம்பது தடவை கேட்டு மனப்பாடம் பண்ணியவன், ஆயிரம் மணி நேரம் கைக்கு வந்ததும் பாதியை ஒரு தடவைகூட முழுதாகக் கேட்டதில்லை.

அளவைக்கொண்டு கதி தீர்மானமாவதில்லை என்பதற்குத் தியாகராஜரைவிடப் பெரிய சாக்ஷி வேண்டாம். அவர் பாடியவை 24,000 என்று வழிவழியாகச் சொல்வார்கள். இன்று கைவசம் உள்ளவை சுமார் 700. எஞ்சியவை எஞ்சியது சிஷ்யர்களால்: உமையாள்புரத்தார், தில்லைஸ்தானத்தார், வாலாஜாபேட்டையார் என்று பிரிந்த மூன்று வழிகளில். இவர்களில் வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் (1781-1874) நம் விஷயத்துக்கு முக்கியமானவர். பூந்தமல்லிச் சாலையில் மேற்கே போய்க்கொண்டே இருந்தால் ஸ்ரீபெரும்புதூர், காஞ்சி தாண்டி வாலாஜாபேட்டை வரும். தென்னிந்தியாவின் முதல் ரயில், 1856 ஜூலை முதல் தேதி, ராயபுரத்திலிருந்து ஆவடி வழியாக அந்தத் திக்கில்தான் போயிற்று. ரயில் வந்தபோது பாகவதர் உயிரோடு இருந்தார். தஞ்சைப் பக்கத்து அய்யம்பேட்டையில் இருந்த காலத்தில் திருவையாற்றுக்குப் போய்வந்து பல்லாண்டுகள் குருவுக்கு ஊழியம் செய்தவர். கேட்டதை எழுதினார். குருவின் சரிதத்தை அவரும் அவர் மகன் கிருஷ்ணசாமி பாகவதரும் எழுதினார்கள்.

அந்தச் சுவடிகளும் கையெழுத்துப் பிரதிகளும் மதுரை சௌராஷ்டிர சபைக்குப் போய்ச் சேர்ந்தன. பாகவதர் சௌராஷ்டிரர். திருவையாற்றில் பிறந்த பாட்டு, வாலாஜாபேட்டையில் எழுத்தாகி, மதுரையில் ஒரு சமூகத்தின் சபையில் அடைக்கலமானது. ஸங்கீத ஆராய்ச்சியாளர்கள் ‘வாலாஜாபேட்டைப் பிரதிகள்’ என்று திரும்பத் திரும்பக் குறிப்பிடுவது இவற்றைத்தான். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: மகன், பிள்ளை என்பதால் மட்டும் வாரிசாகவில்லை, பாடத் தெரிந்தவர், எழுதத் தெரிந்தவர். ஏட்டைத் திறந்தால் அதற்குள் இருப்பது அவர் காதில் கேட்டது. வாரிசும் சிஷ்யனும் ஒரே ஆளாக அமைந்தது அந்தச் சேகரத்தின் பாக்கியம்.

அப்படி அமையாத ஒருவர் கதை சென்னையிலேயே இருக்கிறது. ஏ.எம். சின்னசாமி முதலியார் கிறிஸ்தவர்; சர்க்கார் உத்தியோகஸ்தர்; மேனாட்டு ஸங்கீதமும் நம் ஸங்கீதமும் அறிந்தவர். கர்நாடக ஸங்கீத உருப்படிகளை மேனாட்டு ஸ்வரக் குறியீட்டில் எழுதி உலகத்தின் முன் வைத்துவிட வேண்டும் என்று ஒரு வெறி அவருக்கு. தியாகராஜர் கிருதிகளை வாலாஜாபேட்டைப் பரம்பரையாரிடம் கேட்டு எழுதினார். 1893-ல் ‘ஐரோப்பியக் குறியீட்டில் கீழ்த்திசை ஸங்கீதம்’ என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் அச்சாகத் தொடங்கியது. கைப்பணம் கரைந்தது. கண் பார்வை மங்கியது. அவர் சேர்த்தவற்றில் அச்சேறியது ஒரு பகுதிதான்.

இதைத் தோல்வி என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். ஆனால் 1899-ல் அவர் எட்டயபுரம் போனார். முத்துஸ்வாமி தீக்ஷிதரின் தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதருக்குப் பேரனும் ஸ்வீகார புத்திரனுமான சுப்பராம தீக்ஷிதர் (1839-1906) அங்கே சமஸ்தான வித்வான். குடும்ப வித்தை முழுதும் அவரிடம் இருந்தது, ஏட்டிலும் தொண்டையிலுமாக. அதை அச்சில் கொண்டுவரச் செய்ய வேண்டும் என்று முதலியார் ராஜாவிடம் மன்றாடினார். ராஜா சொல்லை மீற முடியாமல் தீக்ஷிதர் உட்கார்ந்தார். 1904-ல் ‘ஸங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினி’ தெலுங்கு லிபியில் வெளிவந்தது. முத்துஸ்வாமி தீக்ஷிதரின் கிருதிகள் 229, கமகங்களுக்குத் தனித்தனிக் குறிகளோடு. கூடவே ராக லக்ஷணங்கள், வித்வான்களின் வரலாறுகள். நூல் முடிந்ததைப் பார்க்க முதலியார் இல்லை. 1961 முதல் பகுதி பகுதியாக மியூசிக் அகாடமி அதைத் தமிழ் லிபியில் கொண்டுவந்தது.

தன் சேகரத்தைக் காப்பாற்றிக்கொள்ள முடியாத ஒருவர், இன்னொருவர் சேகரம் அழியாமல் பார்த்துக்கொண்டார். சின்னசாமி முதலியாரின் மெய்யான வாரிசு எது என்றால் சுப்பராம தீக்ஷிதரின் புத்தகம் என்றுதான் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது. வித்தையை வெளியே விடத் தயங்கும் குடும்பங்கள் நம்மிடம் குறைவில்லை. குடும்பச் சொத்து பொதுச் சொத்தாகிற அந்த நிமிஷத்தைச் சேகரிப்பவன் தானாக உண்டாக்கிக்கொள்வதில்லை. யாராவது வந்து வற்புறுத்த வேண்டியிருக்கிறது. வற்புறுத்துகிறவனுக்கு அந்த வித்தையில் பரிச்சயம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவன் பேச்சு எடுபடாது.

நம் காலத்துச் சேகரம் ஏடு அல்ல, ஒலி. ஒலி வந்ததும் இந்தக் கஷ்டமெல்லாம் தீர்ந்தது என்று நினைத்தோம். பாடியவர் குரலே இருக்கும்போது சிஷ்யன் எதற்கு? நினைப்பு எவ்வளவு தப்பு என்று இன்று தெரிகிறது. அரக்குத் தட்டு உடைந்தால் போயிற்று. ஆனால் உடையாதவரை தட்டின் நடுவே பெயரும் ராகமும் எண்ணும் அச்சடித்து இருக்கும். நாடாவுக்கு அதுவும் இல்லை. காந்தத் துகளைப் பிடித்துவைத்திருக்கும் பசை நம் ஊர் ஈரத்தை உறிஞ்சி இளகிவிடும்; ஓட்டினால் துகள் கருவியின் தலையில் ஒட்டிக்கொண்டு உதிரும். சில நாடாக்களை ஒரே ஒரு தடவைதான் ஓட்ட முடியும். பெரிய ஸ்தாபனங்களும் இதில் யோக்கியம் இல்லை. நாடாவைத் துடைத்து மறுபடி பயன்படுத்துவது உலகெங்கும் ஒலிபரப்பில் வழக்கமாக இருந்தது. பிபிசியே தன் பழைய நிகழ்ச்சிகள் பலவற்றை அப்படி இழந்தது. ஸ்தாபனம் துடைத்தது தனி மனிதன் வீட்டு நாடாவில் இருக்கலாம். ஆகவேதான் அம்பத்தூர் அலமாரி வெறும் சொந்த விவகாரம் இல்லை என்கிறேன்.

அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. நாடாவின் அட்டையில் ‘அரியக்குடி, தோடி’ என்று மட்டும் எழுதியிருக்கும். எந்த வருஷம், எந்த ஊர், மிருதங்கம் யார், நடுவில் ஏன் கைதட்டல் என்பதெல்லாம் அட்டையில் இல்லை. சேர்த்தவருக்குத் தெரியும், ஆகையால் எழுதவில்லை. அவர் போனதும் அது ஒரு குரல், ஒரு தோடி. இன்னும் இருபது வருஷம் கழித்து யார் குரல் என்பதும் சந்தேகமாகும். அலமாரி அப்படியே இருக்கும்போதே சேகரம் செத்துப்போகிறது. தீ வேண்டாம், கரையான் வேண்டாம்.

கடைசியாக மொகப்பேர். அம்பத்தூருக்கு அடுத்த இந்த இடத்துக்கு ஒரு தனி மனிதனின் சேகரம் முழுதாக வந்து சேர்ந்ததை நம் எழுத்தாளர்களில் சிலர் அறிவார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்தவர், 1950 முதல் சேர்த்தவை ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படிகள். பாதி புத்தகம். மீதி பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பாட்டுப் புத்தகம். பிளேட்டில் வந்த பாட்டுகளின் சாகித்யத்தைத் திரட்டிச் சில அணா விலைக்கு விற்ற சிறு புத்தகங்களைப் பண்டிதர்கள் தொடமாட்டார்கள். பாட்டு ஜனங்களிடம் எப்படிப் போயிற்று என்று எழுத வருகிறவனுக்கு அவைதான் ஆதாரம். முத்தையா 1992-ல் மறைந்தார். 1994-ல் சிகாகோ பல்கலைக்கழகம் சேகரத்தை வாங்கியது. வாங்கிக் கப்பலேற்றவில்லை, மொகப்பேரில் ஆராய்ச்சி நூலகமாக வைத்து, நுண்படம் எடுத்து, பட்டியலிட்டது. பின்னால் நூலகம் தரமணிக்குப் போயிற்று.

நூலகத்தைப் பாராட்டுகிறவர்கள் அந்த இரண்டு வருஷத்தைப் பற்றிப் பேசுவதில்லை. 1992-க்கும் 1994-க்கும் இடையில் தமிழ்நாட்டில் அந்த வீட்டுக் கதவைத் தட்டியிருக்க வேண்டியவர்கள் எத்தனை பேர்? தமிழைத் தாய் என்பவர்களுக்குக் குறைவில்லாத நாடு இது. பல்லாயிரம் மைல் தள்ளியிருந்த ஒரு பல்கலைக்கழகம் வந்துதான் கோட்டையூர்ச் சேகரம் சிதறாமல் நின்றது. வெட்கப்பட வேண்டிய விஷயம். ஆனால் வெட்கத்தோடு நிறுத்திக்கொள்ளவும் கூடாது. முத்தையா பொறுக்கி எடுத்து, ஒரு ஒழுங்கில் வைத்திருந்தார். உருப்படிகள் சேர்ந்தே இருந்ததில்தான் அவற்றின் அர்த்தம். நல்லதாக நூறு எடுத்துக்கொண்டு மற்றதைப் போடு என்று யாராவது உடைத்திருந்தால், அணாப் பாட்டுப் புத்தகம்தான் முதலில் குப்பைக்குப் போயிருக்கும்.

ஆக, கோவூரிலிருந்து மொகப்பேர் வரை பார்த்தால், பிழைத்தவை மூன்று வழியில் பிழைத்தன. தொண்டையிலிருந்து தொண்டைக்கு, பிரதியிலிருந்து பிரதிக்கு, உடையாமல் முழுசாக ஒரு பொது இடத்துக்கு. ரத்த பாத்யதை மட்டும் எதையும் காப்பாற்றியதாகத் தெரியவில்லை. வாரிசைக் குறை சொல்லவும் முடியாது. தந்தையின் பித்து மகனுக்கு வர வேண்டும் என்று விதியா? பல வீடுகளில் அந்தப் பித்துக்காகச் சினிமாவும் புதுச் சட்டையும் விட்டுக்கொடுத்தவர்களும் அவர்களே.

இதைப் படிப்பவர்களில் பலரிடம் இப்படி ஒரு அலமாரி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஸங்கீதம் இல்லாவிட்டால் புத்தகம், சிறு பத்திரிகைக் கட்டுகள். எத்தனை என்று எண்ணிக்கொண்டிராமல், எதிர்வீட்டுப் பையனோ தங்கை பெண்ணோ, காது உள்ள ஒரு ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் போட்டுக் காட்டலாம். கேட்டால் பிரதி எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். அது ஆகாவிட்டால், இன்று ராத்திரி ஒரு பேனாவை எடுத்து, ஞாபகம் இருக்கும்போதே, ஒவ்வொரு அட்டையிலும் வருஷத்தையும் ஊரையும் பக்கவாத்தியக்காரர் பெயரையும் எழுதிவைக்கலாம்.