ஊர் அனுப்பும் மருத்துவர்: பிலிப்பைன்சின் படிமுறைக் கல்வி நமக்கு எழுப்பும் கேள்வி

மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பது என்றவுடன் மதிப்பெண், தரவரிசை, கலந்தாய்வு என்னும் மூன்று சொற்களே நம் மாணவர்களின் நினைவுக்கு வருகின்றன. இம்மூன்றிலும் மாணவர் தனியொருவராகவே நிற்கிறார். அவர் எந்த மக்களிடமிருந்து வருகிறார், படித்து முடித்தபின் யாருக்குப் பணியாற்றுவார் என்பவை கேட்கப்படுவதில்லை. இவ்விரு கேள்விகளையே சேர்க்கையின் அடிப்படையாகக் கொண்ட ஓர் அரசு மருத்துவப் பள்ளி பிலிப்பைன்ஸ் நாட்டில் 1976 முதல் இயங்கி வருகிறது. அதன் விண்ணப்ப முறையை அறிந்துகொள்வதும், ஒடுக்கப்பட்டோரின் பார்வையில் அதை மதிப்பிடுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

தோற்றம்

1970களில் பிலிப்பைன்சில் பயிற்சி பெற்ற மருத்துவர்களும் செவிலியர்களும் பெருந்தொகையாக அமெரிக்கா முதலிய நாடுகளுக்குச் சென்றனர். எஞ்சியோரில் பலர் மணிலா போன்ற நகரங்களிலேயே தங்கினர். தீவுகளிலும் மலைப்பகுதிகளிலும் வாழ்ந்த ஏழை மக்கள் மருத்துவரின்றித் தவித்தனர். நாட்டின் முதன்மையான அரசுப் பல்கலைக்கழகமான பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகம் இதற்கு விடையாக லெய்டே தீவில் நலவாழ்வு அறிவியல் பள்ளியைத் தொடங்கியது. டாக்லோபன் நகரில் தொடங்கிய அது, பின்னர் அருகிலுள்ள பாலோவுக்கு இடம்பெயர்ந்தது. பலேரிலும் கொரொனடாலிலும் அதன் கிளைகள் உள்ளன.

விண்ணப்பிக்கும் முறை

மருத்துவப் பணியாளர் பற்றாக்குறை உள்ள பகுதியைச் சேர்ந்த இளைஞருக்கே இங்கு முன்னுரிமை. அவர் தாமாக விண்ணப்பித்தால் மட்டும் போதாது. அவருடைய சிற்றூர் மக்களும் உள்ளாட்சி அமைப்பும் அவரைப் பரிந்துரைக்க வேண்டும். படிப்பு முடிந்ததும் அம்மக்களுக்குப் பணியாற்றுவதாக மாணவர் உறுதியளிக்கிறார். அவரைத் தாங்குவதாக ஊரும் பொறுப்பேற்கிறது. ஆகவே இவ்விண்ணப்பம் இரு தரப்புக்கும் இடையிலான ஓர் ஒப்பந்தமாகவே அமைகிறது.

படிப்பும் ஏணியைப் போன்றது. எல்லா மாணவரும் முதலில் மகப்பேற்றுப் பணிக்கான பயிற்சி பெறுகின்றனர். அதனை முடித்தவர் ஊர் திரும்பிப் பணியாற்றுகிறார். அப்பணியைக் கண்ட மக்கள் மீண்டும் பரிந்துரைத்தால் செவிலியர் படிப்புக்குச் செல்கிறார். அதன்பின் இதே வழியில் மருத்துவப் படிப்பை அடைகிறார். ஒவ்வொரு படியும் தன்னளவில் நிறைவான தகுதி. எந்தப் படியில் நின்றாலும் அவர் 'தோற்றவர்' ஆவதில்லை. கையில் தொழிலோடும் சான்றிதழோடும் நிற்கிறார்.

இப்பள்ளியில் படித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வெளிநாடு செல்லாமல் சொந்த நாட்டிலேயே பணியாற்றுகின்றனர். 2013 நவம்பரில் வீசிய ஹையான் புயல் பாலோ வளாகத்தைச் சிதைத்தது. அதன் பின்னரும் பள்ளி மீண்டெழுந்து இயங்குகிறது. ஏழை மாணவர்களைச் சேர்த்தால் தரம் குறையும் என்னும் வாதத்துக்கு இப்பள்ளியின் வரலாறே மறுமொழி.

'ஊர்' என்பது யார்?

இம்முறையை அப்படியே நம் மண்ணில் நட்டுவிட முடியுமா? இங்கேதான் நாம் நின்று சிந்திக்க வேண்டும். தமிழில் 'ஊர்' என்னும் சொல் சேரியை உள்ளடக்குவதில்லை. ஊர்க்கூட்டம், ஊர்ப்பொது, ஊர்க்கட்டுப்பாடு ஆகிய அனைத்தும் நம்மை வெளியே நிறுத்தியே பொருள் பெற்றவை. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளில் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தலைவர் பதவியை 1996 முதல் பத்தாண்டுகள் ஆதிக்கச் சாதியினர் செயல்படவிடவில்லை. 2006இல்தான் அங்கு முறையாகத் தேர்தல் நடந்தது. மேலவளவில் 1997இல் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தோரும் வெட்டிக் கொல்லப்பட்டனர். சட்டம் அளித்த நாற்காலியையே தர மறுத்த ஊர், மருத்துவக் கல்லூரிக்கு யாருடைய பெண்ணைப் பரிந்துரைக்கும்?

அதற்காக, இன்றுள்ள தேர்வு முறையே நடுநிலையானது என்று நாம் கருதவும் இயலாது. பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 மதிப்பெண் பெற்ற அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதாவை 2017இல் நாம் இழந்தோம். பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட இயலுவோரின் வாய்ப்பையே நீட் தேர்வு பெருக்கியது. தமிழ்நாடு அரசு 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வழங்கியது. வரவேற்கத்தக்க சட்டம்; ஆயினும் நீட் தேர்வைக் கடந்தவர்களுக்கே அவ்வாயில் திறக்கிறது.

நாம் முன்வைக்க வேண்டியவை

எனவே, சமூகம் சார்ந்த மருத்துவக் கல்வியைக் கோரும்போது மூன்று நிபந்தனைகளை நாம் வலியுறுத்த வேண்டும். முதலாவது, பரிந்துரைக்கும் உரிமை ஆதிக்கச் சாதியினரின் கையில் சிக்காதவாறு பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் பெண்களுக்கும் ஒவ்வொரு படியிலும் சட்டப்படியான ஒதுக்கீடு இருக்க வேண்டும். இரண்டாவது, ஏணி இடையில் அறுபடக் கூடாது. நம் பிள்ளைகள் செவிலியர் படியிலேயே நிறுத்தப்பட்டு, மருத்துவர் படி பிறருக்கு உரியதாகிவிட்டால் அது புதிய வடிவிலான வருணமே. மூன்றாவது, கிராமப் பணி என்னும் கடமை ஏழை மாணவருக்கு மட்டும் உரியதன்று. மக்கள் வரிப்பணத்தில் அரசுக் கல்லூரியில் படிக்கும் ஒவ்வொருவருக்கும் அது பொதுவாக வேண்டும்.

லெய்டே தீவின் பள்ளி நமக்குக் கற்பிப்பது தெளிவானது. மருத்துவரை உருவாக்கும் பணி மாணவரைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. அந்தத் தேர்வில் சேரிக்கும் குரல் உண்டா என்பதே நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி.