வீண்பேச்சுச் சொற்கள்: மறையூர் எல்லையில் ஒரு பொருள் ஆய்வு

இடுக்கி மாவட்டத்து மறையூர், அஞ்சுநாடு எனப்படும் ஐந்தூர்த் தொகுதியுள் ஒன்று. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம் வட்டத்தோடு இவ்வூரும் கேரளத்துள் அடங்கிற்று. தமிழும் மலையாளமும் அருகருகே வழங்கும் இத்தகைய இடத்தில், ஒலியால் ஒத்துப் பொருளால் வேறுபடும் சொற்கள் மொழிபெயர்ப்பாளரை எளிதில் வழுவச் செய்யும். வீண்பேச்சைக் குறிக்கும் சொற்கள் இதற்குத் தக்க சான்றுகளாகும்.

தமிழில் 'வம்பு' பிறரைப் பற்றிய வேண்டாப் பேச்சையும் வீண்சண்டையையும் குறிக்கும். மலையாளத்தில் அது செருக்கு, தற்பெருமை. மலையாள 'வம்பன்' பெரியவன். தமிழ் வம்பனோ வீணன். தொல்காப்பிய உரியியல் வம்பு என்பதற்கு நிலையின்மைப் பொருள் கூறும். சங்கச் செய்யுளில் காலமல்லாக் காலத்து மழை 'வம்ப மாரி'. புதிதாக வந்த மோரியர் 'வம்ப மோரியர்'. நிலையற்றது, புதியது, வேண்டாதது என்ற வழியில் இச்சொல் பேச்சுக்கு வந்தது எனல் பொருந்தும். மலையாளச் சொல்லையோ வன்மை குறித்த 'வன்பு' என்பதிலிருந்து பெறலாம். 'முன்பு' அம்மொழியில் 'மும்பு' ஆனமை ஒப்புநோக்கத்தக்கது. ஆகவே இவை ஒரு சொல்லின் இரு பொருள்கள் அல்ல. இரு வேறு சொற்கள்.

'வெட்டிப்பேச்சு' இன்னும் கடுமையான வரலாறுடையது. இதனை வெட்டுதல் வினையோடு இயைத்தல் பொருந்தாது. வடமொழி 'விஷ்டி'யின் திரிபாகிய வெட்டி, கூலியின்றி வாங்கப்பட்ட கட்டாய உழைப்பு. சோழர் கல்வெட்டுகளில் ஊரார்மீது சுமத்தப்பட்ட கடமைகளுள் ஒன்றாக இது மிகுதியும் பயில்கிறது. கூலியில்லா வேலை பயனில்லா வேலையாகி, பின்னர்ப் பயனில்லாப் பேச்சுக்கும் அடையாயிற்று. பயனில்லாமை உழைத்தவனுக்கே, வாங்கியவனுக்கு அன்று. அகராதிகள் தரும் 'வீண்' என்னும் பொருளில் இவ்வேறுபாடு மறைந்துவிடுகிறது.

மலையாளத்தில் ஓய்வாக அமர்ந்து பேசுதல் 'வெடி பறயுக' எனப்படும். அவ்வாறு கூடிப் பேசுதல் 'வெடிவட்டம்'. சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர் கையில் திண்ணைப்பேச்சு வெடிவிபத்தாகிவிடக் கூடும்!

சலிப்பூட்டும் பேச்சைக் குறிப்பதில் மட்டும் இரு மொழிகளும் ஒரே உருவகத்தை நாடியுள்ளன. மலையாள இளைஞர் வழக்கில் அது 'கத்தி'. தமிழ்க் கல்லூரி வழக்கில் 'அறுவை', பின்னர் 'பிளேடு'. இன்று தமிழில் பெருவழக்காகிய 'மொக்கை' கூர் மழுங்கியதைக் குறிக்கும் சொல். தமிழில் கருவி மழுங்கிய பின்னும், மலையாளத்தில் 'கத்தி' கூர் குறையாமல் வழங்குகிறது.