கிள்ளான் பள்ளத்தாக்கின் சுயாதீன வீடியோ கேம்கள்: இலவச வெளியீடுகளும் டெமோக்களும்

சுயாதீன வீடியோ கேம் அல்லது இண்டி கேம் என்பது, பெரிய வெளியீட்டு நிறுவனத்தின் பிடியில் சிக்காமல் தனி ஒருவரோ சிறு குழுவோ உருவாக்கும் வீடியோ கேம். மலேசியாவில் இத்துறை பெரும்பாலும் கிள்ளான் பள்ளத்தாக்கில், அதாவது கோலாலம்பூரிலும் அதைச் சூழ்ந்த பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலம், கிள்ளான், சைபர்ஜெயா பகுதிகளிலும் வளர்ந்துள்ளது. விளம்பரத்துக்குச் செலவிட வழியில்லாத படைப்பாளிகள் முன்பின் அறியாத ஒருவரைத் தம் கேமை விளையாட வைப்பதற்கு இலவச வெளியீடும் டெமோவும் முதன்மையான வழிகளாக உள்ளன.

பின்னணி

கேமின் ஒரு பகுதியை இலவசமாகக் கொடுத்து மீதியை விற்கும் ஷேர்வேர் முறையை 1980களின் இறுதியில் அமெரிக்காவின் அபோஜி நிறுவனம் பரவலாக்கியது. 1993 டிசம்பரில் வெளிவந்த ‘டூம்’ கேமின் முதல் பாகம் இலவசமாகவே உலகைச் சுற்றியது.

2000களில் கோலாலம்பூரின் சைபர் கஃபேக்கள் இளைஞர்களின் கூடுமிடங்களாயின. அங்கே கோலோச்சிய ‘கவுன்டர் ஸ்ட்ரைக்’, ‘டோட்டா’ இரண்டும் ஆர்வலர்கள் ஏற்கெனவே இருந்த கேம்களை மாற்றியமைத்து இலவசமாக வெளியிட்டவை. முன்னது 1999இல் ‘ஹாஃப் லைஃப்’ கேமின் மாற்று வடிவமாகவும், பின்னது ‘வார்கிராஃப்ட் 3’ கேமுக்கான வரைபடமாகவும் பிறந்தன.

வகைகள்

முழு இலவச கேம்: தொடக்கம் முதல் முடிவு வரை கட்டணமின்றிக் கிடைப்பது. விரும்பியதைக் கொடுக்கலாம் என்ற முறையும் இதில் அடங்கும்.

டெமோ: விற்பனைக்கு வரவுள்ள அல்லது வந்துவிட்ட கேமின் ஒரு பகுதி.

முன்னோட்டப் பதிப்பு: முதன்மைக் கதைக்கு முந்தைய நிகழ்வுகளையோ தொடக்கத்தையோ தனி இலவச கேமாக வெளியிடுவது. ‘புரோலாக்’ என்று அழைக்கப்படுகிறது.

ஜாம் கேம்: குறுகிய நேரத்தில் ஒரே கருப்பொருளில் உருவாக்கப்படுவது. 2009இல் தொடங்கிய குளோபல் கேம் ஜாமில் பங்கேற்போர் வழக்கமாக 48 மணி நேரத்தில் ஒரு கேமை முடிக்க முயல்கிறார்கள்.

நுழைவு இலவசமாகவும் உள்ளேயுள்ள பொருள்கள் கட்டணத்துக்கு உரியனவாகவும் இருக்கும் மொபைல் கேம்கள் வேறு வகை. முடிவு பெறாத நிலையிலேயே விற்கப்படும் ‘ஏர்லி ஆக்சஸ்’ கேம்களும் டெமோக்களில் சேரா.

‘சாரா இஸ் மிஸ்ஸிங்’

இலவச வெளியீட்டின் ஆற்றலுக்கு மலேசியாவின் சிறந்த சான்று 2016இல் வெளியான ‘சாரா இஸ் மிஸ்ஸிங்’. காணாமற்போன ஒரு பெண்ணின் கைப்பேசி விளையாடுபவரிடம் கிடைக்கிறது. அதிலுள்ள குறுஞ்செய்தி, மின்னஞ்சல், படம், காணொளி ஆகியவற்றைத் துழாவி அவளுக்கு நேர்ந்ததைக் கண்டுபிடிக்க வேண்டும். கைப்பேசியின் திரையே ஆட்டக்களமாக இருந்ததால் சிறு குழுவால் இதைச் சாதிக்க முடிந்தது. ஒரே அமர்வில் முடிந்துவிடும் அதன் அளவும் யூடியூப் காணொளிகளுக்குப் பொருந்தியது.

இந்த இலவச கேமுக்குக் கிடைத்த வரவேற்பைக் கொண்டு, கைகன் கேம்ஸ் நிறுவனம் அதே உத்தியை 2017இல் ‘சிமுலாக்ரா’ என்ற விரிவான கட்டண கேமாக வளர்த்தது. அதன் இரண்டாம், மூன்றாம் பாகங்கள் 2019இலும் 2022இலும் வந்தன. கட்டணமின்றி விளையாடிய மக்களின் ஆர்வமே ஒரு தொடருக்கு அடித்தளமிட்டது. திகில் கதை என்பதால் இவை சிறுவர்களுக்கு உகந்தவையல்ல.

பிற படைப்புகள்

‘ஃபைனல் ஃபேண்டஸி 15’ கேமின் வடிவமைப்பில் பணியாற்றிய வான் ஹஸ்மர், 2017இல் டைம் சியாவுதினுடன் மெட்ரோனோமிக் நிறுவனத்தைக் கோலாலம்பூரில் தொடங்கினார். அவர்களுடைய ‘நோ ஸ்ட்ரெயிட் ரோட்ஸ்’ 2020 ஆகஸ்டில் வெளிவந்தது. எதிரிகளின் தாக்குதல் இசையின் தாளத்தோடு ஒத்து நடக்கும் இந்த கேமில், மலாய் மொழியில் ராப் பாடும் பாத்திரமும் உண்டு. பேஷன் ரிபப்ளிக் நிறுவனத்தின் ‘கிகாபாஷ்’ 2022இல் வந்தது. அதில் நால்வர் வரை சேர்ந்து ராட்சத உயிரினங்களாக மோதிக்கொள்ளலாம். மேக்னஸ் கேம்ஸ் நிறுவனத்தின் ‘ரீ:லெஜண்ட்’ 2017இல் கிக்ஸ்டார்ட்டரில் பொதுமக்களிடம் நிதி திரட்டியது. பெர்சோனா தியரி கேம்ஸ் நிறுவனத்தின் ‘கபரே’ தென்கிழக்காசிய நாட்டார் கதைகளிலிருந்து தன் உலகைப் படைத்துக்கொண்டது.

தாளத்தோடு அடிப்பதும் நால்வராகக் கூடி மோதுவதும் எப்படியிருக்கும் என்பதை விளம்பரக் காணொளி சொல்லிவிடாது. அதைக் கையிலெடுத்துப் பார்த்தால்தான் தெரியும். டெமோ அவசியமாவது இதனாலேயே.

எங்கே விளையாடலாம்

லீஃப் கோர்கோரன் 2013இல் தொடங்கிய இட்ச்.ஐஓ தளத்தில் இலவச கேம்களும் ஜாம் கேம்களும் ஏராளம். பலவற்றைப் பதிவிறக்காமல் உலாவியிலேயே விளையாடலாம். கேம்களை விற்கும் ஸ்டீம் தளம் ஆண்டுக்கு மூன்று முறை நடத்தும் ‘நெக்ஸ்ட் ஃபெஸ்ட்’ விழாவில், வெளிவரவிருக்கும் கேம்களின் டெமோக்கள் ஏறத்தாழ ஒரு வாரத்துக்கு முன்னிறுத்தப்படுகின்றன. டெமோ இல்லாவிட்டாலும், ஸ்டீமில் ஒரு கேமை வாங்கியோர், 14 நாள்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். உருவாக்குநரின் அதிகாரப்பூர்வப் பக்கத்திலிருந்து மட்டுமே பதிவிறக்குவது கணினிக்குப் பாதுகாப்பு. மலேசிய டிஜிட்டல் பொருளாதாரக் கழகம் நடத்தும் லெவல் அப் கேஎல் நிகழ்வு வட்டாரத்தின் படைப்பாளிகளை ஒன்றுகூட்டுகிறது.

விளையாடுவோரின் பங்கு

ஸ்டீமில் ஒரு கேமை விருப்பப்பட்டியலில் சேர்த்தவருக்கு, அது வெளியாகும்போது மின்னஞ்சல் செல்கிறது. ஆகவே பணம் செலுத்தாமலே ஒருவர் சிறு நிறுவனத்துக்கு உதவலாம். “நன்றாக இருக்கிறது” என்பதைவிட, எந்த இடத்தில் வழி புரியவில்லை, எந்தக் கணினியில் நின்றுபோனது, எங்கே சலித்தது என்று எழுதும் நான்கு வரி அவர்களுக்கு அதிகம் பயன்படும். வெளியீட்டுக்கு முன்பே திருத்தத்தக்க குறைகள் இவை.

தமிழும் கேம்களும்

தமிழில் இடைமுகம் கொண்ட கேம்கள் இன்னும் மிகக் குறைவு. எனினும் தமிழ் வாழ்வு உலகின் கவனத்தைப் பெறும் என்பதைக் கனடாவின் விசை கேம்ஸ் உருவாக்கிய ‘வெண்பா’ நிறுவியது. 1980களில் கனடாவுக்குக் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சமையல் வழியே சொல்லும் இது, 2023 ஜூலையில் வெளியாகி, 2024இல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருதைப் பெற்றது. பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் போன்ற தமிழர் வாழிடங்களின் கதைகளுக்கும் இந்த வடிவம் பொருந்தும். சைபர்ஜெயாவின் மல்டிமீடியா பல்கலைக்கழகம், புக்கிட் ஜாலிலின் ஆசிய பசிபிக் பல்கலைக்கழகம் போன்றவை இதற்கான தொழில்நுட்பக் கல்வியை அருகிலேயே வழங்குகின்றன. ஒரு மணி நேரத்தில் விளையாடி முடிக்கக்கூடிய இலவச கேமே அத்தகைய கதையைக் கேமாக்கும் முயற்சிக்குப் போதுமான தொடக்கம் என்பதை ‘சாரா இஸ் மிஸ்ஸிங்’ கேமின் அனுபவம் உறுதிசெய்கிறது.