பூட்டின் ஆயுள்

2008 ஜூலையில் பிரெஞ்சு நிறுவனமான யூபிசாஃப்ட், 'ரெயின்போ சிக்ஸ்: வேகாஸ் 2' என்ற கணினி விளையாட்டுக்கு ஒரு பேட்ச் வெளியிட்டது. குறைகளைக் களைய வந்த பேட்ச் புதிய குறை ஒன்றையும் கூடவே அழைத்து வந்தது. விளையாட்டைத் திறந்தால், டிரைவில் அசல் டிஸ்க் இருக்கிறதா என்று தேடியது. கடையில் பெட்டியாக வாங்கியவர்களுக்கு இதில் தொல்லை இல்லை. டைரக்ட்2டிரைவ் என்ற இணையக் கடையில் பணம் கட்டித் தரவிறக்கியவர்களிடம் டிஸ்க் என்ற ஒன்றே கிடையாது. முறையிட்டார்கள். பின்னர் நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் ஒரு சிறிய கோப்பு வந்து சேர்ந்தது. அதைப் போட்டதும் டிஸ்க் கேட்பது நின்றுபோனது. அந்தக் கோப்பை ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து பார்த்தவர்களின் கண்ணில் 'ரீலோடட்' என்ற பெயர் பட்டது. விளையாட்டுகளின் பூட்டை உடைத்து இலவசமாகப் பரப்பிவந்த கிராக் குழு ஒன்றின் பெயர் அது. தன் வாடிக்கையாளருக்குக் கதவைத் திறந்துவிட, கள்ளன் செய்த சாவியையே நிறுவனம் நீட்டியிருந்தது. விஷயம் வெளியே தெரிந்ததும் கோப்பு மறைந்தது.

கணினி விளையாட்டுப் பைரசியைப் பற்றிய வாதம் பெரும்பாலும் இரண்டு கட்சிகளாகவே நடக்கிறது. ஒரு கட்சிக்கு அது பச்சைத் திருட்டு. இன்னொரு கட்சிக்கு அது பேராசை பிடித்த நிறுவனங்களுக்குக் கிடைத்த சரியான பதில். இந்த நாற்பது, ஐம்பது ஆண்டு வரலாற்றைப் பூட்டின் பக்கமிருந்து வாசித்தால் இரண்டிலும் அடங்காத ஒன்று தென்படுகிறது. பூட்டு எதற்காகப் போடப்பட்டதோ அந்தத் தேவை சில வாரங்களில் தீர்ந்துவிடுகிறது. பூட்டு மட்டும் வாங்கியவரிடம் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகிறது.

சண்டை தொடங்கியது விளையாட்டில் அல்ல. 1976 பிப்ரவரியில், இருபது வயது பில் கேட்ஸ் கணினி ஆர்வலர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ஆல்டேர் கணினிக்காக அவரும் நண்பர்களும் எழுதிய பேசிக் மொழி, துளையிட்ட காகித நாடாவாகக் கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தது. ஆல்டேர் வைத்திருப்பவர்களில் பத்து சதவீதத்துக்கும் குறைவானவர்களே அதைக் காசு கொடுத்து வாங்கினார்கள் என்றும், தங்கள் உழைப்புக்குக் கிடைத்த கூலி மணிக்கு 2 டாலருக்கும் கீழே என்றும் கணக்குக் காட்டினார். பெரும்பாலானவர்கள் திருடுகிறீர்கள் என்று முகத்துக்கு நேராகவே சொன்னார். நாடாவை நகலெடுத்தவர்களுக்கோ அது நூலகப் புத்தகத்தைக் கைமாற்றுவது போன்ற சங்கதி. மென்பொருள் என்பது விலைபோட்டு விற்கும் சரக்கு என்ற எண்ணமே அப்போது புதிது.

கடிதம் எழுதி ஆகப்போவது எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகு பூட்டு வந்தது. எண்பதுகளின் பூட்டுகள் பெரும்பாலும் காகிதத்தில் இருந்தன. கையேட்டின் இத்தனையாவது பக்கத்தில் இத்தனையாவது சொல் என்ன என்று விளையாட்டு கேட்கும். 1990இல் வந்த 'தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்' பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்று சுழலும் இரண்டு அட்டைச் சக்கரங்கள் இருந்தன. கடற்கொள்ளையர் முகத்தின் மேல்பாதியையும் கீழ்பாதியையும் பொருத்தினால், அந்த ஆள் தூக்கிலிடப்பட்ட ஆண்டு கிடைக்கும். இதில் எரிச்சலைவிட விளையாட்டுத்தனமே தூக்கல். ஜெராக்ஸ் கடை இருந்தால் போதும், பூட்டு திறந்துவிடும் என்பது வேறு விஷயம்.

லென்ஸ்லாக்கில் அந்த விளையாட்டுத்தனம்கூட இல்லை. 1985இல் பிரிட்டனில் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினிக்கு வந்த 'எலைட்' விளையாட்டோடு மடக்கக்கூடிய ஒரு பிளாஸ்டிக் துண்டு கொடுத்தார்கள். அதன் நடுவில் வரிவரியாகப் பட்டகங்கள். கேசட்டிலிருந்து சில நிமிடம் ஓடி விளையாட்டு ஏறியதும், திரையில் சிதைந்த கோலமாக ஏதோ தெரியும். பிளாஸ்டிக்கை மடித்துத் திரையில் ஒட்டிவைத்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் கோலம் இரண்டு எழுத்துகளாகச் சேரும். அதைத் தட்டச்சு செய்ய வேண்டும். மூன்று தடவை தப்பினால் மறுபடி கேசட்டை ஓட்ட வேண்டியதுதான். அன்றைய கணினிக்கு வீட்டுத் தொலைக்காட்சியே திரை. அது ரொம்பப் பெரிதாகவோ ரொம்பச் சிறிதாகவோ இருந்துவிட்டால் எழுத்து சேராது. போதாக்குறைக்கு, சில நூறு பெட்டிகளில் வேறொரு விளையாட்டுக்கான லென்ஸைப் போட்டு அனுப்பிவிட்டார்கள். அதை வாங்கியவர்கள் கடைசிவரை கோலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கள்ளப் பிரதியில் அந்தக் கேள்வியையே நீக்கியிருந்தார்கள்.

இதே காலத்தில், கிழக்கு ஐரோப்பாவில் நிலைமை தலைகீழ். போலந்தில் 1994 பிப்ரவரியில் புதிய பதிப்புரிமைச் சட்டம் வரும்வரை மென்பொருளை நகலெடுத்து விற்பதைத் தடுக்க உருப்படியான சட்டம் இல்லை. வார்சாவில் வாரக் கடைசியில் கூடும் கணினிச் சந்தையில் பிளாப்பிகளும் சிடிகளும் வெளிப்படையாகவே விற்றன. பர்மா பஜார் நடைபாதையை அறிந்த சென்னைவாசிக்கு அந்தக் காட்சி அந்நியமாகத் தெரிந்திருக்காது. அந்தச் சந்தையில் விளையாட்டு வாங்கி விற்றுப் பழகிய இரண்டு பள்ளித் தோழர்கள், மார்ச்சின் இவின்ஸ்கியும் மிகல் கிச்சின்ஸ்கியும், 1994இல் சிடி ப்ராஜெக்ட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அசல் சரக்கை இறக்குமதி செய்து விற்பதுதான் தொழில். தெரு முழுக்க மலிவாகக் கிடைக்கும் பொருளுக்கு எவர் முழு விலை கொடுப்பார்?

1999இல் 'பால்டர்ஸ் கேட்' விளையாட்டைப் போலந்து மொழியில் கொண்டுவந்தபோது அவர்கள் கண்டுபிடித்த விடை எளிமையானது. பெயர் பெற்ற நடிகர்களை வைத்துப் போலந்து மொழியில் குரல் கொடுத்தார்கள். பெட்டிக்குள் தோல்சுருள் போன்ற வரைபடம், விதிப் புத்தகம், இசைத் தட்டு எல்லாம் வைத்தார்கள். விளையாட்டே ஐந்து சிடி. அத்தனையையும் நகலெடுத்து விற்பதும் அவ்வளவு மலிவாக முடியாது. பெட்டி விற்றது. கள்ளப் பிரதியோடு போட்டி போட வேண்டியது பூட்டால் அல்ல, சரக்கால் என்று அந்தச் சந்தையில் வளர்ந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. பல ஆண்டு கழித்து, 2011இல், ஸ்டீம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் கேப் நியூவெல்லும் பைரசி பெரும்பாலும் விலைப் பிரச்சினை அல்ல, சேவைப் பிரச்சினை என்றார். வார்சா சந்தையில் அது அதற்குள் பழைய செய்தி.

மேற்கில் பெரிய நிறுவனங்கள் எதிர்த் திசையில் போயின. டிஸ்க் காலத்தின் பூட்டுகள் விண்டோஸின் அடிவயிற்றில் போய் உட்கார்ந்தன. ரஷ்யாவின் ஸ்டார்ஃபோர்ஸ், பயனர் அறியாமலே டிரைவர்களை நிறுவியது; விளையாட்டை நீக்கினாலும் அவை போகாது. எதிர்ப்பு வலுத்து 2006 ஏப்ரலில் யூபிசாஃப்ட் அதைக் கைவிட்டது. 2008 செப்டம்பரில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்ட 'ஸ்போர்' செக்யூராம் பூட்டோடு வந்தது. மூன்று முறைதான் ஆக்டிவேட் செய்யலாம். அதற்கு மேல் என்றால் நிறுவனத்தை அழைத்துக் கேட்க வேண்டும். காசு கொடுத்து வாங்கியது வாடகைக்கு எடுத்ததுபோல் ஆயிற்று என்று அமேசானில் ஆயிரக்கணக்கானோர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்து ஆத்திரத்தைக் கொட்டினார்கள். பூட்டு உடைந்த பிரதி, விளையாட்டு கடைக்கு வருமுன்பே இணையத்தில் வந்துவிட்டது. அந்த ஆண்டு மிக அதிகமாகக் கள்ளத்தனமாகத் தரவிறக்கப்பட்ட விளையாட்டு ஸ்போர்தான் என்றும், எண்ணிக்கை சுமார் 17 லட்சம் என்றும் டோரன்ட்ஃப்ரீக் தளம் மதிப்பிட்டது. ஆக்டிவேஷன் எண்ணிக்கையை நிறுவனம் ஐந்தாக உயர்த்திக்கொண்டது.

அடுத்தது இணையக் கயிறு. 2010 மார்ச்சில் வந்த 'அசாசின்ஸ் கிரீட் 2' கணினிப் பதிப்பு, தனியாளாக விளையாடினாலும் ஓயாமல் இணையத்தில் இருக்க வேண்டும் என்றது. சில நாட்களிலேயே யூபிசாஃப்ட் சர்வர்கள் தாக்குதலில் முடங்க, அசல் வாங்கியவர்கள் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். 2013 மார்ச்சில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸின் 'சிம்சிட்டி'க்கு இதைவிட மோசமான கதி. வரிசையில் நின்று நகரம் கட்ட வேண்டிய நிலை. கணக்குகளில் பெரும்பகுதி எங்கள் சர்வரில் நடக்கிறது, இணையமில்லாமல் முடியாது என்றது நிறுவனம். ஓர் ஆர்வலர் சில வரிகளைத் திருத்தி இணையமில்லாமலே நகரத்தை ஓட்டிக் காட்டினார். ஓராண்டு கழித்து, முடியாது என்று சொன்ன அதே வசதியை நிறுவனமே பேட்சாக வழங்கியது.

இதையெல்லாம் படித்தால் கிராக் குழுக்கள் ஏதோ தர்ம யுத்தம் நடத்தியதுபோலத் தோன்றும். அப்படி இல்லை என்பதற்கு 2013 ஏப்ரல் மாதமே சாட்சி. கிரீன்ஹார்ட் கேம்ஸ் என்ற சின்னஞ்சிறு நிறுவனத்தை நடத்திய சகோதரர்கள் இருவர், 'கேம் டெவ் டைக்கூன்' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். பூட்டு எதுவும் இல்லை; விலை 8 டாலர். வெளியான உடனே, தங்கள் கையாலேயே ஒரு 'கிராக்' பிரதியையும் டோரன்டில் போட்டார்கள். அதில் மட்டும் ஒரு மாற்றம்: ஆட்டக்காரர் நடத்தும் விளையாட்டு நிறுவனம் கொஞ்சம் வளர்ந்ததும், மக்கள் நகலெடுத்தே விளையாடுகிறார்கள் என்று செய்தி வரும், வருமானம் வற்றி நிறுவனம் திவாலாகும். முதல் நாள் முடிவில் கள்ளப் பிரதியில் விளையாடியவர்கள் 3,104 பேர், வாங்கியவர்கள் 214 பேர். கள்ளப் பிரதிக்காரர்களில் சிலர், பைரசி என் கம்பெனியை அழிக்கிறதே, இதைத் தடுக்கப் பூட்டு ஏதும் கண்டுபிடிக்க முடியாதா என்று இணையத்தில் புலம்பினார்கள். இந்த 3,104 பேருக்குப் பூட்டு மேல் கோபம் என்று சொல்ல வழியில்லை. அவர்களுக்குப் பூட்டே இல்லாத பொருள்தான் கொடுக்கப்பட்டிருந்தது.

ஆக, பூட்டுக்கு நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. எவ்வளவு நியாயம் என்பதற்கு இப்போது ஓரளவு அளவுகோல் உண்டு. 2014இல் ஆஸ்திரியாவிலிருந்து வந்த டெனூவோ, முந்தைய பூட்டுகளைவிட உடைக்கக் கடினமானது. அதன் பலனை வில்லியம் வோல்க்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஸ்டீம் தரவுகளைக் கொண்டு கணக்கிட்டார். விளையாட்டு வெளியான முதல் வாரத்திலேயே பூட்டு உடைந்தால் வருமானத்தில் சராசரியாக 20 சதவீத அளவுக்கு இழப்பு. பன்னிரண்டு வாரம் தாக்குப்பிடித்துவிட்டால், பிறகு உடைந்தாலும் இழப்பு அநேகமாக இல்லை. ஐரோப்பிய ஆணையம் பணம் கொடுத்துச் செய்யவைத்து, 2015இல் முடிந்தும் 2017 வரை வெளிவராமல் கிடந்த எக்கோரிஸ் ஆய்வு, கள்ளத் தரவிறக்கம் விளையாட்டு விற்பனையைக் குறைத்ததற்கு ஆதாரம் காணவில்லை. இரண்டும் முரண்படுவதாகத் தோன்றலாம். முதலாவது, புது வெளியீட்டின் முதல் வாரங்களைப் பார்க்கிறது. இரண்டாவது, மொத்தச் சந்தையை.

பன்னிரண்டு வாரம் என்ற எண்ணை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, பூட்டுகள் உண்மையில் எவ்வளவு காலம் கிடந்தன என்று பார்த்தால்தான் விபரீதம் புரியும். 2015இல் வந்த விண்டோஸ் 10, சேஃப்டிஸ்க் என்ற பழைய பூட்டுக்கு ஆதரவை நிறுத்தியது. அதன் டிரைவரில் பாதுகாப்பு ஓட்டை. அதே ஆண்டு செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட அப்டேட், விஸ்டாவிலும் விண்டோஸ் 7, 8இலும் அந்த டிரைவரை முடக்கியது. பத்துப் பதினைந்து ஆண்டுக்கு முன் முழு விலைக்கு வாங்கி, கீறல் விழாமல் பாதுகாத்த டிஸ்க்குகள் ஒரே நாளில் வெறும் தட்டாயின. அவற்றை ஓட்ட எளிய வழி, யாரோ எப்போதோ இணையத்தில் போட்ட கிராக்தான். 2021இல் இன்னொரு வேடிக்கை. 'ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ்' அசல் பிரதி சில இடங்களில் திக்கித் திணறியது. பூட்டு உடைத்த பிரதி வழுக்கிக்கொண்டு ஓடியது. கேப்காம் நிறுவனம், பைரசித் தடுப்பு நுட்பத்தைச் சீராக்கியதாக ஜூலையில் ஒரு பேட்ச் விட்டது.

சிடி ப்ராஜெக்ட்காரர்களும் இந்தப் பாடத்தை ஒரு தடவை மறந்தார்கள். 2011 மே மாதம் 'விட்சர் 2' வந்தபோது பெட்டிப் பதிப்பில் செக்யூராம், அவர்களது ஜிஓஜி இணையக் கடையில் பூட்டில்லாப் பதிப்பு. இணையத்தில் முதலில் பரவிய கள்ளப் பிரதி, பூட்டில்லாததன் நகல் அல்ல. பூட்டை உடைத்த பெட்டிப் பதிப்பு. உடைப்பவர்களுக்கு உடைப்பதில்தானே பெருமை. மாத முடிவுக்குள் பூட்டை எடுத்துவிட்டார்கள். ஜெர்மனியில் கள்ளத்தனமாகத் தரவிறக்கியதாகச் சந்தேகப்பட்டவர்களுக்கு வக்கீல் கடிதம் அனுப்பிக் கெட்ட பெயர் வாங்கி, 2012 ஜனவரியில் அதையும் நிறுத்தினார்கள். 2015இல் ஜிஓஜியில் பூட்டில்லாமல் கிடைத்த 'விட்சர் 3' எல்லாத் தளங்களிலுமாக 5 கோடிப் பிரதிகளைத் தாண்டி விற்றது.

சட்டம் இந்த விஷயத்தில் ஒரே குரலில் பேசவில்லை. அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டம், பூட்டை உடைப்பதையே தனிக் குற்றமாக்கியது. ஏன் உடைத்தீர்கள் என்பது பெரும்பாலும் பொருட்டல்ல. இந்தியாவில் 2012 திருத்தத்தால் வந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைப்பதைத்தான் குற்றம் என்கிறது. நோக்கத்தைக் கேட்பது சின்ன வித்தியாசமாகத் தோன்றலாம். செயலிழந்த டிஸ்க்கைக் கையில் வைத்திருப்பவரையும், வெளியான அன்றே ஓசியில் விளையாட நினைப்பவரையும் பிரித்துப் பார்க்க அதைத் தவிர வேறு வழி இல்லை.

பெட்டியும் டிஸ்க்கும் போன பிறகு இந்தப் பிரிவினை இன்னும் அவசியமாகிவிட்டது. அமெரிக்காவில் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் சொன்னது. கிடைப்பவையும் விற்பனை அல்ல, அனுமதி. 2014இல் வந்த 'தி க்ரூ' என்ற கார்ப் பந்தய விளையாட்டைத் தனியாளாகவும் ஓட்டலாம். ஆனால் சர்வர் இல்லாமல் திறக்காது. 2024 மார்ச் 31 அன்று யூபிசாஃப்ட் சர்வரை அணைத்தது. பின்னர் வாங்கியவர்களின் கணக்கிலிருந்து உரிமத்தையே நீக்கத் தொடங்கியது. அதிலிருந்து பிறந்த 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம், 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தில் பத்து லட்சம் கையெழுத்துகளைத் தாண்டியது. கலிஃபோர்னியாவில், உரிமம் மட்டுமே தருகிறோம் என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற பொத்தானை வைக்கக் கூடாது என்று சட்டம் வந்தது.

இதற்கிடையே ரசிகர்கள் சிலர் யூபிசாஃப்டின் சர்வர் செய்த வேலையைத் தாங்களே எழுதத் தொடங்கி, 2025 செப்டம்பரில் க்ரூவை மறுபடி ஓடவிட்டார்கள். அந்தச் சர்வர் கார்களையும் சாலைகளையும் தராது. விளையாட்டின் கோப்புகள் அவரவர் கணினியில் இருக்க வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் அவற்றைப் பத்திரமாக வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள். அழித்துவிட்டு, வேண்டும்போது தரவிறக்கிக்கொள்ளலாம் என்று நம்பியவர்கள், முழு விலை கொடுத்த ரசீது மின்னஞ்சலில் இருக்க, ஒரு கள்ளப் பிரதியைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.