மலக்குடல் புற்றுநோயும் கல்லீரல் ஸ்கேன்களும்: ஒரு வரலாற்றுப் பார்வை

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் நோயாளியின் வீட்டாரிடம் கேட்டால், "ஸ்கேன் எடுத்தாச்சு" என்பார்கள். எந்த ஸ்கேன் என்பது பலருக்குத் தெரியாது. அல்ட்ராசவுண்ட், சி.டி., எம்.ஆர்.ஐ., பெட்-சி.டி. ஆகிய நான்கும் வெவ்வேறு முறைகள். மலக்குடல் புற்றுநோய்க்குச் சிகிச்சை தொடங்குமுன் கல்லீரலை ஆராயும்போது இந்த வேறுபாடு மிக முக்கியமானது.

கல்லீரலைப் பார்ப்பது ஏன்?

மலக்குடலின் மேற்பகுதி இரத்தம் வாயிற்சிரை வழியாக நேரே கல்லீரலுக்குச் செல்கிறது. ஆகவே, அங்கிருந்து பிரியும் புற்றணுக்கள் பெரும்பாலும் முதலில் தங்கும் இடம் கல்லீரலே. கீழ்ப்பகுதி இரத்தம் கீழ்ப்பெருஞ்சிரை வழியாக நுரையீரலை அடையக்கூடும் என்பதால் மார்பையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

கல்லீரலில் நோய் பரவியிருந்தால் சிகிச்சையின் வரிசையே மாறும். கட்டிகள் சிலவாக இருந்தால் மருந்து கொடுத்து, அப்பகுதியை அறுவையில் நீக்க முடியும். அவ்வாறு குணமடைந்தவர்களும் உண்டு. மாறாக, தீங்கற்ற நீர்க்கட்டியையோ இரத்தநாளக் கட்டியையோ புற்றுநோய்ப் பரவல் எனக் கருதிவிட்டால், குணமாகக்கூடியவரும் முற்றிய நோயாளியாகக் கணக்கிடப்படுவார். தவறவிடுவது, தவறாகக் காண்பது ஆகிய இரண்டுமே ஆபத்து.

கை தடவிப் பார்த்த காலம்

1895-இல் ராண்ட்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டுபிடித்தார். ஆனால் கல்லீரலும் அதிலுள்ள கட்டியும் கதிரை ஏறக்குறைய ஒரே அளவில் தடுப்பதால், சாதாரண எக்ஸ்-ரே படத்தில் கட்டி தெரியவில்லை. வயிற்றைத் திறந்து, கையால் தடவிப் பார்ப்பதே அறுவை மருத்துவரின் வழியாக இருந்தது. 1950-களில் கதிரியக்கத் தங்கமும், 1960-களில் டெக்னீசியமும் செலுத்திக் கல்லீரலைப் பதிவு செய்தனர். கட்டி இருந்த இடம் வெற்றிடமாகத் தெரிந்தது. சிறிய கட்டிகள் தப்பின.

அல்ட்ராசவுண்டும் சி.டி.யும்

1970-களில் அல்ட்ராசவுண்ட் பரவலாயிற்று. இதில் கதிர்வீச்சு இல்லை, செலவும் குறைவு. நீர்க்கட்டியையும் திடக்கட்டியையும் பிரித்துக் காட்டும். எனினும் உடல் பருமனும் குடல் வாயுவும் பார்வையை மறைக்கும். பார்ப்பவரின் திறமையைப் பொறுத்தே முடிவு அமையும்.

1971-இல் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. கருவியில் முதல் நோயாளிக்கு மூளை ஸ்கேன் எடுக்கப்பட்டது. சில ஆண்டுகளில் உடல் முழுவதற்குமான கருவிகள் வந்தன. அயோடின் கலந்த மருந்தைச் சிரையில் செலுத்திச் சுமார் 70 வினாடிகளில் படம் எடுத்தால், வாயிற்சிரை இரத்தம் பெறும் நல்ல கல்லீரல் பிரகாசமாகும். பரவிய கட்டி பெரும்பாலும் தமனி இரத்தத்தை நம்பியிருப்பதால் கருமையாகத் தெரியும். மார்பு, வயிறு, இடுப்பு அனைத்தையும் ஒரே அமர்வில் பார்க்க முடிவதால் இன்றும் முதல் ஸ்கேன் இதுவே. ஆனால் 1 செ.மீ.க்கும் குறைந்த புள்ளிகள் என்னவென்று சி.டி.யால் பலமுறை உறுதி சொல்ல முடிவதில்லை.

எம்.ஆர்.ஐ.யும் பெட்-சி.டி.யும்

அந்த ஐயத்தைத் தீர்ப்பதில் எம்.ஆர்.ஐ. சிறந்தது. கட்டிக்குள் நீர் மூலக்கூறுகளின் அசைவு தடைப்படுவதை அது காட்டும். 2000-களில் பயன்பாட்டுக்கு வந்த கல்லீரல் சார்ந்த கடோலினிய மருந்தை நல்ல கல்லீரல் அணுக்கள் உறிஞ்சும். பரவிய கட்டி உறிஞ்சாது. எனவே, மிகச் சிறிய கட்டியும் புலப்படும். மலக்குடலுக்காக எடுக்கும் இடுப்பு எம்.ஆர்.ஐ. கல்லீரலைக் காட்டாது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

பெட்-சி.டி. அணுக்கள் சர்க்கரையை உட்கொள்ளும் அளவைப் பார்க்கிறது. கல்லீரலுக்கு வெளியே எதிர்பாராத பரவலைக் கண்டறிய உதவும். சிறு கட்டிகளையும் சளிப்பொருள் சுரக்கும் வகைக் கட்டிகளையும் தவறவிடக்கூடும்.

சிகிச்சைக்கு முன்பே ஏன்?

கீமோதெரபிக்குப் பின் கல்லீரலில் கொழுப்பு படியலாம். கட்டி சுருங்கிப் படத்தில் மறையலாம். மறைந்த இடத்தில் உயிருள்ள புற்றணுக்கள் எஞ்சியிருக்கவும் கூடும். ஆகவே முதல் மருந்துக்கு முன் எடுத்த படமே பின்னாளில் அறுவை மருத்துவருக்கு வரைபடம். அதைத் தவறவிட்டால் மீண்டும் பெற வழியில்லை.

நம் மாவட்டங்களில்

1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாறு புற்றுநோய் நிலையம் தோன்றியது. பெரம்பலூரிலிருந்து அது 250 கி.மீ.க்கும் அதிகத் தொலைவு. 1959-இல் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. 1994-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளில் ஸ்கேன் மையங்களை நடத்துகிறது. 2022 ஜனவரி 12 அன்று அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி திறந்து வைக்கப்பட்டது. தொலைவு குறைந்து வருகிறது.

ஆயினும் நோயாளி ஊர் விட்டு ஊர் செல்வது நிற்கவில்லை. எனவே ஸ்கேன் அறிக்கையோடு படங்களையும் குறுந்தகட்டையும் பத்திரப்படுத்த வேண்டும். மருத்துவரிடம், "கல்லீரலில் ஐயமான இடம் ஏதும் உண்டா? அதைத் தெளிவாக்க இன்னொரு ஸ்கேன் தேவையா?" என்று கேட்கத் தயங்கக் கூடாது. நான்கில் எது உயர்ந்தது என்பதல்ல கேள்வி. முந்தைய ஸ்கேன் விட்டுவைத்த ஐயத்தை எது தீர்க்கும் என்பதே.