மூன்று மொழி பேசும் கல்

கற்பிட்டியிலிருந்து கொழும்புக்குப் போகும் பிள்ளைகளிடம் நான் சொல்வது ஒன்றுதான்: தேசிய நூதனசாலையைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். உள்ளூராருக்குக் கட்டணம் சொற்பம். ஆளுநர் வில்லியம் கிரகரி 1877 ஜனவரி 1இல் திறந்துவைத்த அந்த வெள்ளைக் கட்டடத்தைக் கட்டியவர் வாப்பிச்சி மரைக்கார். என்ன வெகுமதி வேண்டுமென்று கேட்டதற்கு, ஜும்ஆ நாளான வெள்ளிக்கிழமைகளில் மூடினால் போதும் என்றாராம்.

உள்ளே காலி மும்மொழிக் கல்வெட்டின் முன் நிதானமாக நில்லுங்கள். சீனக் கடற்தளபதி செங் ஹோ கொண்டுவந்த, 1409ஆம் ஆண்டுக் கல் இது. 1911இல் காலியில் ஒரு மதகில் அகப்பட்டது. சீன வரிகள் புத்தருக்கும், தமிழ் தெனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும், பாரசீகம் அல்லாஹ்வுக்கும் காணிக்கை சொல்கின்றன: பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய்.

இந்த மொழிகள் நம் கரைக்குப் புதியவையல்ல. 1344இல் புத்தளத்தில் இறங்கிய பயணி இப்னு பதூதா, முத்துக்களைக் காட்டி உபசரித்த மன்னர் ஆரியச் சக்கரவர்த்திக்குப் பாரசீகம் விளங்கியது என்று எழுதியிருக்கிறார். கடல் வணிகம் வளர்த்த அந்தப் பன்மொழிப் பழக்கம் நம் முதுசொம். பிள்ளைகள் அந்தத் தமிழ் எழுத்துக்களைத் தாங்களே கூட்டி வாசிக்க முயலட்டும். தம் ஊரின் வரலாறு எவ்வளவு அகன்றதென்று அங்கேயே விளங்கிக்கொள்வார்கள்.