சொல்தா கையில் ஒரு பட்டை: காரைக்கால் சிப்பாய்களும் கடல் கடந்த பதவி உயர்வும்

காரைக்காலிலும் புதுச்சேரியிலும் 'சொல்தா' என்றால் யாரென்று சொல்லத் தேவையில்லை. பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருந்து, பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவர். 'சொல்தா' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு சிப்பாய் என்றுதான் பொருள். செர்ஜானாக ஓய்வு பெற்றவரும் ஊர்வாயில் சொல்தாதான், பட்டையே வாங்காமல் வந்தவரும் சொல்தாதான். ஊருக்கு அந்த வித்தியாசம் பெரிசா தெரியல. ஆனால் அந்தக் குடும்பத்துக்குத் தெரியும். ஒவ்வொரு தவணையும் வரும் பணத்தில் அது தெரிந்தது.

பிரெஞ்சிந்தியச் சிப்பாய்களைப் பற்றிப் பேசும்போது நாம் போரைப் பற்றிப் பேசுகிறோம், பதக்கத்தைப் பற்றிப் பேசுகிறோம். சட்டைக் கையில் ஏறிய முதல் பட்டை பற்றி யாரும் பேசுவதில்லை. சாதாரண சிப்பாய் ஒருவர் கடல் கடந்த பாளையத்தில் கப்போரால் ஆனால், ஊரில் என்ன மாறியது? என்னைப் பொறுத்தவரை, அந்தப் பட்டை மூன்று இடங்களில் தீர்மானிக்கப்பட்டது. முதலில் ஊரிலுள்ள பதிவு அலுவலகம், அப்புறம் கடலுக்கு அப்பால் இருந்த பாளையம், கடைசியாக டெல்லியில் கையெழுத்தான ஓர் ஒப்பந்தம். வரிசையாகப் பார்ப்போம்.

பெயரை மாற்றியவர்கள்

1739ல் பிரெஞ்சுக்காரர்கள் தஞ்சை மன்னரிடமிருந்து காரைக்காலைப் பெற்றார்கள். அதற்கப்புறம் ஆங்கிலேயரிடம் பலமுறை போய்ப் போய் வந்தது. 1814ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கை இந்தக் குடியேற்றங்களைப் பிரான்சுக்குத் திருப்பிக் கொடுத்தது, ஆனால் ஒரு நிபந்தனையோடு: கோட்டை கட்டக்கூடாது, காவலுக்குத் தேவையான அளவுக்கு மேல் படை வைக்கக்கூடாது. அதாவது உள்ளூரிலேயே பெரிய படையில் சேர்ந்து முன்னுக்கு வரும் வழி அடைபட்டுப் போச்சு. சிப்பாய் வேலை என்றால் கப்பல் ஏற வேண்டியதுதான்.

அதற்கு வழி திறந்தது 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணை. தங்கள் மத, சாதி வழக்கப்படியான தனிச்சட்டத்தை விட்டுவிட்டு, பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றுக்கொள்வதாக எழுதிக் கொடுக்க அது வழி செய்தது. எழுதிக் கொடுத்தவர்கள் 'ரெனோன்சான்', துறந்தவர்கள். அவர்கள் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், முடிவைத் திரும்பப் பெற முடியாது. இந்த இயக்கத்தின் முகமாக இருந்தவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை. ஐரோப்பியக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்கு வந்ததற்காக 1873ல் தடுக்கப்பட்டு, பாரிஸ் உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தவர். அவர் எடுத்துக்கொண்ட பெயர் லபோர்த்.

ரெனோன்சான் ஆனவர்களில் பலர் கிறிஸ்தவர்கள், ஒடுக்கப்பட்ட சாதியினர். நிலமில்லாத ஒரு டெல்டா குடும்பத்துக்கு அந்தக் கையெழுத்து வெறும் அடையாள மாற்றம் இல்லை. இந்தோசீனாவில் காவல்துறை, சுங்கம், சிறைக்காவல் போன்ற வேலைகளுக்கு அது கதவைத் திறந்தது. பின்னாளில் காலனிப் படைக்கும் திறந்தது. படையில் சேர்ந்தபோது அவர் 'உள்நாட்டுச் சிப்பாய்' என்ற தனி வரிசையில் நிற்கவில்லை, குடிமகன் வரிசையில் நின்றார். பதவி உயர்வின் முதல் முடிச்சு இதுதான்.

ஒரே டெல்டா, இரண்டு ஏணி

இதன் கனம் புரிய வேண்டுமானால் எல்லைக்கு அந்தப் பக்கம் பார்க்கணும். வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர், அது அப்போது பிரிட்டிஷ் இந்தியா. அங்கே படையில் சேரும் பையனுக்கு ஏணி இப்படி: சிப்பாய், லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார், அப்புறம் ஜமேதார், சுபேதார், சுபேதார் மேஜர். நல்ல நீளமான ஏணிதான். ஆனால் அதன் உச்சியில் இருக்கும் சுபேதார் மேஜரும் புதிதாக வந்த வெள்ளைக்கார லெஃப்டினன்டுக்குக் கீழேதான். மன்னர் கமிஷன் இந்தியர்களுக்குத் திறந்தது 1917ல்தான், அதுவும் விரல்விட்டு எண்ணும் அளவில். 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் இறங்கிய 61ஆவது பயனியர்களும் 63ஆவது பாளையங்கோட்டைக் காலாட்படையும் நம் பக்கத்துப் படைகள். அந்தச் சிப்பாய்களுக்கு இருந்த ஏணி இதுதான்.

பிரெஞ்சுப் படையிலும் இரண்டு ஏணி உண்டு. செனகல் திராயோர் போன்ற உள்நாட்டுப் படைகளில் ஆப்பிரிக்கச் செர்ஜானும் பிரெஞ்சுச் செர்ஜானும் ஒரே பதவியில் இருந்தாலும், அதிகாரம் பிரெஞ்சுக்காரருக்கே என்பது நெடுநாள் வழக்கம். இன்னொரு ஏணி குடிமக்களுடையது. செனகலின் நான்கு நகராட்சிகளைச் சேர்ந்தவர்கள் இந்த இரண்டாவது ஏணிக்கு வர, பிளேஸ் தியாஞ் என்ற ஆப்பிரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் 1915லும் 1916லும் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. குடிமகனாகச் சேர்ந்த காரைக்கால் ரெனோன்சானோ, பிரிட்டனிப் பகுதி விவசாயி மகன் ஏறிய அதே ஏணியில் காலை வைத்தார்: சொல்தா, கப்போரால், கப்போரால்-ஷெஃப், செர்ஜான், செர்ஜான்-ஷெஃப், அஜுதான். சட்டப்படி ஒரு கறுத்த கப்போராலின் கட்டளைக்கு வெள்ளைச் சொல்தா கீழ்ப்படிய வேண்டும். நடைமுறையில் எல்லாம் சுமுகமாக நடந்தது என்று நான் சொல்லவில்லை. எழுத்தில் இருந்தது என்கிறேன். எழுத்தில் இருந்தால்தான் முறையிடவாவது முடியும்.

பாளையத்தில் பட்டை எப்படி வரும்

'முதல் வகுப்புச் சொல்தா' என்பதைப் பலர் பதவி உயர்வு என்று நினைக்கிறார்கள். அது நல்ல நடத்தைக்கும் பணிக்கும் தரப்படும் ஒரு சிறப்பு, அவ்ளோதான். உண்மையான முதல் படி கப்போரால். சமாதான காலத்தில் அதற்குத் தனிப் பயிற்சி வகுப்பு, தேர்வு உண்டு. வரைபடம் படிக்கணும், ஆயுதப் பாடம் சொல்லிக் கொடுக்கணும், அறிக்கை எழுதணும். எல்லாம் பிரெஞ்சில்.

காரைக்கால் பையனுக்கு இடறும் இடம் இங்கேதான் இருந்திருக்கும். குடியுரிமை அவரை ஏணியின் கீழே கொண்டுபோய் நிறுத்தும். மேலே ஏற்றுவது எழுத்தறிவு. ஊரில் பிரெஞ்சுப் பள்ளியில் எத்தனை வருஷம் உட்கார்ந்தார் என்பது பத்து வருஷம் கழித்து சைகோனில் வேலை செய்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு இது இன்னும் இறுகியது. அதிகாரி அல்லாதவர்களின் சம்பளம் நான்கு அளவுகளாகப் பிரிக்கப்பட்டு, பெற்ற சான்றிதழ்களைப் பொறுத்து ஆள் எந்த அளவு என்று தீர்மானிக்கப்பட்டது. அதனால் தோளோடு தோள் நின்ற இரண்டு செர்ஜான்கள் வெவ்வேறு சம்பளம் வாங்க முடியும்.

போர்க்களத்தில் கதை வேறு. செர்ஜான் விழுந்தால் அந்த நிமிஷமே ஒருவர் அவர் இடத்தில் நிற்கணும். தேர்வுக்கு நேரமில்லை. அதனால் கடல் கடந்த போர்களில் பட்டை வேகமாக வரும், ஆனால் பல நேரம் 'தற்காலிகம்' என்ற சொல்லோடு வரும். பிரிட்டிஷ் இந்தியப் படையில் சம்பளமில்லாத லான்ஸ் நாயக் என்றே ஒரு நிலை இருந்தது: பொறுப்பு உண்டு, காசு கிடையாது. தற்காலிகப் பட்டை நிரந்தரமாக ஒரு உத்தரவு வேண்டும். அந்த உத்தரவு சிப்பாயின் கோப்பில் ஏறினதா இல்லையா என்பதில்தான் மீதி வாழ்க்கை தொங்கியது.

1940ல் இது இன்னொரு விதமாகச் சிக்கலானது. புதுச்சேரி ஆளுநர் லூயி பொன்வேன் அந்த செப்டம்பரில் தெகோல் பக்கம் சேர்ந்தார், காரைக்காலும் சேர்ந்தே போனது. இந்தோசீனாவோ அட்மிரல் தெகூவின் கீழ் விஷி அரசோடு நின்றது. சைகோனில் பணியில் இருந்த பிரெஞ்சிந்தியருக்கு வீடு ஒரு பிரான்சில், பாளையம் இன்னொரு பிரான்சில். ஒன்று மற்றொன்றை அரசாகவே ஏற்கவில்லை. 1945 மார்ச் 9ஆம் தேதி ஜப்பானியர் இந்தோசீனாவின் பிரெஞ்சு நிர்வாகத்தைக் கவிழ்த்துப் படையினரைச் சிறைப்பிடிக்கும் வரை இதே நிலை.

பட்டையின் கணக்கு

சரி, ஒரு பட்டையால் என்ன வந்துவிடும்? பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியத்தின் அமைப்பைப் பார்த்தால் புரியும். அதிகாரி அல்லாதவருக்கு அந்தக் காலத்தில் 15 ஆண்டுப் பணி முடித்தாலே ஓய்வூதிய உரிமை இருந்தது. 20 வயதில் சேர்ந்தவர் 35ல் பென்ஷனோடு ஊர் திரும்ப முடிந்தது. தொகை இரண்டு எண்களின் பெருக்கல்: ஒன்று அடிப்படைச் சம்பளம், இன்னொன்று பணிக்காலம்.

பணிக்காலத்தில் கடல் கடந்த சேவைக்குக் கூடுதல் கணக்கு உண்டு. போர்ச் சேவை 'இரட்டை' என்று வகைப்படுத்தப்பட்டால், ஒரு நாளுக்கு மேலும் இரண்டு நாள் சேரும். 15 ஆண்டு உரிமையை எட்ட இது உதவவில்லை. தொகையைக் கணக்கிடும்போது சேரும். அடிப்படைச் சம்பளம் என்பது கடைசியாக வகித்த பதவியின் சம்பளம், ஆனால் அந்தப் பதவியில் குறைந்தது ஆறு மாதம் இருந்திருக்கணும். ஐந்தாவது மாதத்தில் ஓய்வு பெற்றால் பழைய பதவிக்கே கணக்கு. ஆக, வெளியூர்ச் சேவை காலத்தைப் பெருக்கியது, அங்கே கிடைத்த பட்டை அடிப்படையை உயர்த்தியது. இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்தன. கட்டாயச் சேவையில் வந்த பிரான்ஸ் நாட்டு இளைஞர்களை 1946 முதல் 1954 வரையான இந்தோசீனப் போருக்கு அனுப்பவில்லை. அங்கே போரிட்டவர்கள் தொழில்முறைச் சிப்பாய்களும், வெளிநாட்டுப் படையணியும், காலனிப் படைகளும்தான். நம்மூர் சொல்தாக்களும் அதில் இருந்தார்கள். அந்தக் காலமெல்லாம் இந்தக் கணக்கில்தான் ஏறியது.

அவர் இறந்த பிறகும் கணக்கு முடியவில்லை. விதவைக்குப் பாதி தொகை தொடரும். பட்டையைச் சட்டையில் தைத்தவர் கணவர், அதைக் கடைசிவரை சுமந்தவர் காரைக்காலில் இருந்த மனைவி.

1962: எங்கே இருந்தீர்கள்?

மூன்றாவது முடிச்சு இதுதான். 1954 அக்டோபர் 18ல் கீழூரில் வாக்கெடுப்பு, 170க்கு 8. நவம்பர் 1ல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான ஒப்படைப்பு ஒப்பந்தம் 1956 மே 28ல் கையெழுத்தானது, ஆனால் அமலுக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16ல். அல்ஜீரியா ஜூலை 5ல் சுதந்திரம் பெற்று ஆறு வாரம் கழித்து.

அந்த ஒப்பந்தப்படி, இங்கே பிறந்து இங்கேயே வசித்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியக் குடிமக்கள் ஆவார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கணும். இங்கே பிறந்து இந்தியாவுக்கு வெளியே வசித்தவர்கள், வேண்டாமென்று சொல்லாதவரை, பிரெஞ்சுக் குடிமக்களாகவே தொடர்ந்தார்கள். யோசித்துப் பாருங்க: ஒரே வீட்டில் அண்ணன் பிரான்சில் குடியிருந்த சொல்தா, தம்பி காரைக்காலில் விவசாயம். அண்ணன் ஒன்றும் செய்யாமலே பிரெஞ்சுக்காரர். தம்பி ஒன்றும் செய்யாமலே இந்தியர். வாழ்ந்த இடம் குடியுரிமையைத் தீர்மானித்தது.

இதில் எவ்வளவு பணயம் இருந்தது என்பதை ஆப்பிரிக்காவைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். 1959 டிசம்பர் 26ஆம் தேதி நிதிச் சட்டம், சுதந்திரமடைந்த நாடுகளின் குடிமக்களாகிவிட்ட பழைய சிப்பாய்களின் ஓய்வூதியத்தை அன்றைய அளவிலேயே உறையவைத்தது. ஒரே பதவி, ஒரே போர், ஆனால் செனகல்காரரின் பென்ஷன் பிரெஞ்சுக்காரருடையதில் சிறு பங்காகச் சுருங்கியது. 2006ல் ரஷீத் பூஷாரெப் எடுத்த 'இந்திஜென்' படம் வந்த பிறகுதான் பிரான்ஸ் அதில் ஒரு பகுதியைச் சரிசெய்தது. 2010 மே 28ல் அரசியலமைப்பு மன்றம் அந்த ஏற்பாடு சமத்துவத்துக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. பெரும்பாலானவர்கள் அதற்குள் இறந்துவிட்டார்கள். குடியுரிமையைக் கைவிடாத காரைக்கால் சொல்தாவின் பட்டை இப்படி உறையவில்லை. அவருடைய தாத்தா 1880களில் போட்ட கையெழுத்து எண்பது வருஷம் கழித்தும் காத்தது.

இதைப் பெருமையாகவும் படிக்கலாம், கூச்சமாகவும் படிக்கலாம். பிறருடைய நாட்டை அடக்கப் போன படையில் வாங்கிய பட்டை அது. வியட்நாமியர் பார்வையில் நம்மூர் செர்ஜான் யார் என்பதையும் சேர்த்துத்தான் எழுதணும். ஆனால் நிலமில்லாத குடும்பம் ஒன்று எந்தக் கதவு திறந்திருந்ததோ அதில் நுழைந்தது என்பதும் அதே வரலாறுதான்.

தேட விரும்புவோருக்கு

முதல் உலகப்போரில் இறந்தவர்களுக்கு 'மெமுவார் தே ஸோம்' என்ற பிரெஞ்சு அரசின் இணையத் தரவுத்தளத்தில் ஆளுக்கொரு அட்டை உண்டு. பெயர், பதவி, படைப்பிரிவு, பிறந்த ஊர், இறந்த நாள், இடம், காரணம். ஊர்ப் பெயரைப் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில், 'காரிக்கால்' என்பதுபோல் தேடுங்கள். காரைக்காலின் பழைய பிறப்பு, திருமணப் பதிவேடுகள் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் ஆவணக் காப்பகத் தளத்தில் உள்ளன. பிற்காலச் சிப்பாய்கள் பலரின் கோப்புகள் போ நகரில் உள்ள ராணுவப் பணியாளர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

எல்லாவற்றுக்கும் முன்னாடி, வீட்டு இரும்புப் பெட்டியைத் திறந்து பாருங்கள். 'லிவ்ரே மிலித்தேர்' என்ற சிறு புத்தகம் கிடைத்தால் பதக்கத்தைவிட அதைப் பத்திரப்படுத்துங்கள். எந்தத் தேதியில் கப்போரால், எந்த ஊரில், தற்காலிகமா நிரந்தரமா என்று அதில் இருக்கும். புதுச்சேரி கடற்கரையில் 1938ல் திறந்த போர் நினைவுச் சின்னத்துக்கு ஜூலை 14லும் நவம்பர் 11லும் பதக்கம் அணிந்து வரும் பெரியவர்கள் வருஷா வருஷம் குறைந்துகொண்டே போகிறார்கள். அந்தத் தேதிகளுக்குப் பின்னால் இருக்கும் கதையைச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்போம்.